பக்கத்து அறையின் எண்

இரண்டு எண்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. புகார் அவ்வளவுதான். காசிமேட்டுப் பக்கம் இருந்த ஒரு ஐஸ் ஃபேக்டரியின் மேனேஜர் போன் செய்து, "உங்க மெஷின்ல ரெண்டு நம்பரும் ரெட்டப் புள்ளைங்க மாதிரி சேந்தே போய்க்கினு கீது, வந்து இன்னான்னு பாருங்க" என்று எங்கள் முதலாளியிடம் சொன்னார். முதலாளி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த மெஷினின் போர்டைச் செய்தவள் நான், அதனால் போய்ப் பார்க்க வேண்டியதும் நான்தான். ஆனால் அவர் அப்படிப் பார்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஃபேக்டரியின் கம்ப்ரஸர் ரூமில் வேலை செய்கிறவர் என் அப்பா.

டோல்கேட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருந்தது எங்கள் கடை. கடை என்றால் முதலாளிக்குக் கோபம் வரும், கம்பெனி என்று சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனியில் அவரும் நானும்தான். செல்போன் எல்லோர் சட்டைப் பையிலும் வந்துகொண்டிருந்த காலம். என்னோடு எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவர்கள் செல்போன் ரிப்பேருக்கும் கால் சென்டருக்கும் போய்விட்டார்கள். நான் மட்டும் மெஷின்களுக்கு மூளையாக இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டைக் கட்டிக்கொண்டு மாரடித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. வருகிறவர்கள் என்னிடமே வந்து "இஞ்சினியர் சார் இல்லியாம்மா?" என்று கேட்பார்கள். "சுடிதார் போட்டுக்கிட்டு உங்க முன்னாடிதான் நிக்கிறாரு" என்பேன். என் வாய் கொஞ்சம் நீளம். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

ஐஸ் ஃபேக்டரியில் தண்ணீரை உறைய வைப்பது அமோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை அது சாது. வெளியே வந்தால் கண்ணைப் பிடுங்கும், மூச்சை அடைக்கும், நிறைய வந்தால் ஆளையே முடித்துவிடும். குழாய்கள் எல்லாம் கூடும் இடம் கம்ப்ரஸர் ரூம். என் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுகிறவர், தன் வாலிபம் முழுவதையும் அந்த அறையில் ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தவர். அதனால் அந்த ஃபேக்டரிக்கு கேஸ் அலாரம் செய்யும் ஆர்டர் வந்தபோது நான் முதலாளியிடம் சண்டை போட்டு வாங்கிக்கொண்டேன். வேறு யாராவது செய்து, அது சரியில்லாமல் போய், உள்ளே நைனா உட்கார்ந்திருந்தால் என்ன ஆவது என்ற பயம்தான்.

மூன்று இடத்தில் சென்சார் வைத்தேன். ஐஸ் ஏற்றும் ப்ளாட்பாரத்தில் ஒன்று, கம்ப்ரஸர் ரூமில் நைனாவின் நாற்காலிக்கு நேர் மேலே ஒன்று, ஐஸ் டேங்க் கொட்டகையில் ஒன்று. காற்றில் கேஸ் கூடக்கூட சென்சார் தரும் வோல்டேஜும் கூடும். அந்த வோல்டேஜை எண்ணாக மாற்ற, மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் மேலே ஒரு அனலாக் இன்புட் கார்டைச் செருகியிருந்தேன். மேனேஜர் அறைச் சுவரில் ஒரு பெட்டி, அதில் மூன்று சிவப்பு எண்கள். எண் நூற்றைத் தாண்டினால் ஹூட்டர் அலறும்.

மாட்டிய கொஞ்ச நாளிலேயே கம்ப்ரஸர் ரூம் எண் நூற்றைத் தாண்டி அலற ஆரம்பித்தது. காலையில் அலறியது, மதியம் அலறியது. ஐஸ் உடைக்கிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். நைனா உள்ளே போய் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஒன்னியும் இல்ல, போய் வேலையப் பாருங்க" என்று சொல்லிவிடுவாராம்.

கேஸ் இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் அங்கே எல்லோருக்கும் இல்லைதான். நைனாவின் மூக்கு அந்த வட்டாரத்தில் பேர் போனது. கேஸ் கசிந்தால் எந்த வால்வு என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவார், பக்கத்து ஃபேக்டரிகளில் இருந்துகூடக் கூட்டிக்கொண்டு போவார்கள். மூக்கு சொன்ன பிறகுதான் கந்தகக் குச்சியைக் கொளுத்துவார். எரியும் கந்தகத்தைக் குழாய் ஓரமாகக் காட்டிக்கொண்டே போனால், அமோனியா கசியும் இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். மூக்கு முதலில், குச்சி பிறகு. அதுதான் அவர்களுடைய முறை. மூக்கு ஒன்றும் சொல்லாதபோது குச்சியைக் கொளுத்துவது பயந்தாங்கொள்ளிகள் செய்கிற வேலை.

நான் அப்போது வேறொரு ஃபேக்டரி வேலையாக எண்ணூரில் மாட்டிக்கொண்டிருந்தேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே அலறல் நின்றுவிட்டது. நைனாதான் வீட்டில் வந்து சொன்னார். "உன் பொட்டி இப்ப ஜோரா ஓடிக்கினு கீது கண்ணு. ஒரு சத்தம் இல்ல." புது சென்சார் பழகும்வரை கொஞ்சம் ஆடும், பிறகு அடங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

எங்கள் வீடு வியாசர்பாடி ஹவுசிங் போர்டில். அந்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, நான் குளித்துவிட்டு வந்தால் வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம். அடுப்பில் பால் பொங்கி வழிந்து பாத்திரம் கரியாகிக்கொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நைனா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா குழாயடியிலிருந்து குடத்தோடு ஓடி வந்து, "இன்னாய்யா மனுசன் நீ, தீயிற நாத்தம்கூடவா தெரில?" என்று கத்தினாள். "பேப்பர்ல இருந்துட்டேன்மே" என்று சிரித்தார். அவருக்கு அப்போது இருமலும் இருந்தது, கண்ணும் சிவந்தே இருந்தது. அம்மா பீடிமேல் பழியைப் போட்டாள். நானும் அம்மாவோடு சேர்ந்துகொண்டு பீடியைத் திட்டினேன்.

மேனேஜர் போன் வந்தது அதற்குப் பிறகுதான்.

சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல நகராமல் நின்றன. பஸ்ஸிலிருந்து இறங்கிப் பாதி வழி நடந்தே போனேன். மேனேஜர் பெட்டியைக் காட்டினார். ப்ளாட்பாரம் முப்பத்தெட்டு, கம்ப்ரஸர் ரூம் முப்பத்தேழு.

"இதப் பாரும்மா. வெள்ளிக்கெழம ப்ளாட்பாரத்துல சாமிக்கு சாம்பிராணி போட்டாங்க. ப்ளாட்பாரம் நம்பர் ஏறிச்சு, சரி, பொக பட்டு ஏறிச்சுன்னு வெச்சுக்கலாம். கம்ப்ரஸர் ரூம் ஏன் ஏறணும்? இங்க போட்ட பொக அங்க எப்டிப் போவும்? நடுவுல செவுரு கீது, கதவு கீது."

நல்ல கேள்வி. அவரை நான் கணக்குப் பார்க்க மட்டும் தெரிந்த ஆள் என்று நினைத்திருந்தேன். அந்தக் கேள்வியை அவர் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முதலில் பவர் சப்ளையைப் பார்த்தேன், சரியாக இருந்தது. கார்டின் கிரவுண்டு இணைப்பையும் குறை சொல்ல முடியவில்லை. ஒரு இன்புட் இன்னொன்றோடு ஸால்டர் ஒட்டி ஷார்ட் ஆகியிருக்குமோ என்று கார்டைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சுத்தம். கையோடு கொண்டுபோயிருந்த இன்னொரு கார்டை மாட்டினேன். புது கார்டும் அதையே சொன்னது. முப்பத்தெட்டு, முப்பத்தேழு. எனக்கு எரிச்சல் வந்தது. புரோகிராமில் நான்தான் ஏதோ உளறிவிட்டேனோ என்று, ப்ளாட்பாரத்தையும் டேங்க் கொட்டகையையும் இடம் மாற்றிச் செருகினேன். டேங்க் எண் முதலுக்கு வந்தது, பன்னிரண்டு. உடனே கம்ப்ரஸர் ரூமும் பன்னிரண்டாகிவிட்டது.

அதற்குச் சொந்தமாக எண்ணே இல்லை. தனக்கு முன்னால் யார் இருந்தாலும் அவர்கள் எண்ணையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

மல்டிமீட்டர் முனையை, பெட்டியில் கம்ப்ரஸர் ரூம் கம்பி வந்து சேரும் டெர்மினலில் வைத்தேன். பன்னிரண்டு சரிந்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போனது. முனையை எடுத்தேன், திரும்பவும் பன்னிரண்டு. விரலை வைத்தேன், எண் தாறுமாறாக ஆடியது. சென்சார் மறுமுனையில் இருந்தால் மீட்டரைத் தொட்டதற்கெல்லாம் அசையாது. அப்படியென்றால் மறுமுனையில் எதுவுமே இல்லை.

கார்டுக்குள் அளப்பது ஒரே ஒரு சிப்தான், இன்புட்டுகளை வரிசையாக ஒவ்வொன்றாகத் தொட்டு அளக்கும். முந்தைய இன்புட்டின் வோல்டேஜ் அதற்குள் கொஞ்சம் தங்கியிருக்கும். அடுத்த இன்புட்டில் சென்சார் இருந்தால் அது தன் வோல்டேஜைக் கொடுத்துப் பழையதை மாற்றிவிடும். அங்கே யாருமே இல்லை என்றால் பழையது அப்படியே நிற்கும். வகுப்புக்கு வராத பையனுக்காகப் பக்கத்துப் பெஞ்சுப் பையன் "உள்ளேன் ஐயா" சொல்வதைப் போல. வாத்தியார் ஆஜர் போட்டுவிடுவார். நாங்கள் எல்லோரும் இத்தனை நாளாக அந்த ஆஜரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் பெட்டிப் பக்கம் கம்பி இறுக்கமாகத்தான் இருந்தது. அப்படியென்றால் கழன்றிருப்பது அந்தப் பக்கம், நைனாவின் தலைக்கு மேலே.

"இன்னாம்மா, மொகம் ஒரு மாதிரி ஆயிப்போச்சு?" என்றார் மேனேஜர்.

"அந்த ரூம்ல கேஸ் எவ்ளோ கீதுன்னு யாருக்குமே தெரியாது சார்" என்றேன். வழக்கமாக வெளியாட்களிடம் நான் அப்படிப் பேசமாட்டேன். வாய் தானாக வீட்டுப் பேச்சுக்குப் போய்விட்டது. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கம்ப்ரஸர் ரூம் கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. அந்த அறைக்கு எப்போது போனாலும் எனக்குக் கண் எரியும், "புச்சா வர்றவங்களுக்கு அப்டித்தான்" என்பார் நைனா. அன்றைக்கு நின்று பார்த்தேன். எரிச்சல் தொண்டைவரைக்கும் இறங்கியது. நைனா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், துண்டு தோளில், சிவந்த கண்கள்.

"இன்னா கண்ணு, திடீர்னு?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி சென்சார் பெட்டியின் மூடியைத் திறந்தேன். கம்பி சென்சாரில் இல்லை. அறுந்தும் போகவில்லை. திருகைத் தளர்த்தி, உருவி, முனையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, பத்திரமாக மடக்கி வைத்திருந்தது. டேப்பின் கடைசி நுனி உள்பக்கமாக மடிக்கப்பட்டுச் சின்னக் காதுபோல நீட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் மிக்ஸி ஒயர், இஸ்திரிப் பெட்டி ஒயர், ரேடியோ ஒயர் எல்லாவற்றிலும் அந்தக் காது உண்டு. அடுத்த முறை பிரிக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டாம் என்பதற்காக நைனா எப்போதும் அப்படி மடித்துவிடுவார். எனக்கும் அப்படித்தான் சுற்றச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஸ்டூல்மேல் நின்றபடி அந்தக் காதைப் பார்த்தேன்.  சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நைனா, இத யாரு எடுத்தது?"

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.  பிறகு, "நான்தான்" என்றார்.

"ஏன்?"

"வுடு கண்ணு. இப்ப ஜோராத்தானே கீது."

"ஏன் எடுத்தே, சொல்லு!" நான் கத்தியது மெஷினையும் மீறிக் கேட்டிருக்க வேண்டும். வாசலில் மேனேஜர் வந்து நின்றார்.

"இன்னா பண்ணச் சொல்ற? டெய்லி கூவுது. 'பெருசு, உன் பொண்ணு செஞ்ச டப்பா புளுகுது'ன்னு அவன் அவன் கலாய்க்கிறான். தோ, இவரே கழட்டித் திருப்பி அனுப்பிடலாம்னு சொல்லிக்கினு இருந்தாரு. உன் பேரு கெட்டுப்பூடும். நான் மூக்க வெச்சுப் பாத்தேன், கேஸே இல்ல. ஒன்னியுமே இல்லாம கூவுனா டப்பா மேலதானே தப்பு? ஒயர உருவிட்டு மேனேஜர் ரூம்ல போய்ப் பாத்தேன். நம்பர் கீழ எறங்கி அப்டியே நின்னுச்சு. பூஜ்யம் வந்து மாட்டிக்குவேன்னு பயந்தேன், வர்ல. சரி, உன் மெஷினு ஒயர் இல்லாமலே ஓடுது, புள்ள கெட்டிக்காரின்னு நெனச்சேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் பெயர் கெடக் கூடாது என்பதற்காக, அவருடைய உயிருக்கு நான் வைத்த காவலை அவரே எடுத்துவிட்டு அதன் கீழேயே உட்கார்ந்திருந்தார். பெருமையோடு வேறு உட்கார்ந்திருந்தார்.  டேப்பின் காதைப் பிடித்து இழுத்தேன், சுலபமாகப் பிரிந்து வந்தது. கம்பியைச் செருகித் திருகை முடுக்கினேன். நான் ஸ்டூலிலிருந்து இறங்குவதற்குள் மேனேஜர் அறைப் பக்கம் ஹூட்டர் அலற ஆரம்பித்தது.

"பாத்தியா?" என்றார் நைனா. "மறுபடியும் புளுகுது. கேஸ் இருந்தா எனுக்குத் தெரியாதா?"

"குச்சியக் கொளுத்து நைனா."

"மூக்குல வராதப்போ குச்சி இன்னாத்துக்கு?"

"எனக்காகக் கொளுத்து."

சலித்துக்கொண்டேதான் எடுத்தார். பொண்ணு அடம்பிடிக்கிறது, காட்டிவிட்டு வாயை அடைக்கலாம் என்ற முகம். கந்தகக் குச்சியைப் பற்றவைத்து, கதவோரக் குழாயிலிருந்து ஆரம்பித்து நிதானமாக நகர்ந்தார். ஒன்றும் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அடுத்த வால்வு, ஒன்றும் இல்லை. தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த வால்வுக்கு வந்து, அதன் கழுத்துப் பக்கம் குச்சியைக் கொண்டுபோனார்.

வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. அவர் கையை மறைத்தது, நாற்காலியின் முதுகை மறைத்தது. தலை சாயும் இடத்துக்கு நேராக அது வந்துகொண்டே இருந்தது.

நைனா குச்சியை எடுக்கவில்லை. அப்படியே நின்று அந்தப் புகையைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. கேஸ் கசிகிறது என்பது அவருக்குப் புதிதில்லை. அது தன்னிடம் சொல்லாமல் கசிந்ததுதான் அவரை அடித்துப்போட்டது. குனிந்து அந்தப் புகைக்குள்ளேயே மூக்கை உறிஞ்சினார். இருமல் வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. இருமிக்கொண்டே இன்னொரு முறை உறிஞ்சினார். நான் அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

அதற்குப் பிறகு வேலை தெரிந்தவராக மாறிவிட்டார். "எல்லாரும் வெளிய போங்க" என்று ஒரு குரல் கொடுத்தார். ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, மெஷினை நிறுத்தி, எந்த வால்வை முதலில் மூட வேண்டுமோ அதை முதலில் மூடி, ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டுக் கடைசியாக வெளியே வந்தார். கை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. மேனேஜர் தலையைப் பிடித்துக்கொண்டு யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். ஐஸ் உடைக்கிறவர்கள் ரோட்டோரம் கூடி நின்றார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை.

கேட்டுக்கு வெளியே ஒரு அம்மா கூடையில் கருவாடு வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்துத் திட்டில் நைனாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். "சளி புடிச்சுக்கினு கீது கண்ணு, அதான் வாசன வர்ல" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் பால் தீய்ந்த காலை நினைவுக்கு வந்தது. அடுப்புக்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் பேப்பரும் இல்லை, பீடியும் இல்லை.  சளியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டேன், இன்னொரு பக்கம் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போக முடியாது என்றும் இருந்தது.

"கண்ண மூடு நைனா."

"இன்னாத்துக்கு?"

"மூடேன்."

மூடினார். கூடையிலிருந்து ஒரு சுறாக் கருவாட்டுத் துண்டை எடுத்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் அது வறுபட்டால் தெருவுக்கே தெரியும். பக்கத்தில் கொண்டுவரும்போதே எனக்குக் குமட்டியது. அவர் மீசையில் கிட்டத்தட்ட உரசும்படி மூக்குக்கு நேரே பிடித்தேன். கருவாட்டுக்காரம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"மூச்சு இழு. இது இன்னான்னு சொல்லு."

நெஞ்சு நிறைய இழுத்தார். கண்ணை மூடியபடியே, சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் காத்திருப்பதைப் போல முகத்தைத் தூக்கி, லேசாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ இன்னும் வெக்கவே இல்லியே கண்ணு" என்றார். "வெச்சாத்தானே சொல்ல முடியும்?"